செக்: ராஜாவை நிறுத்திய சொல்

சென்ற மாதம் அக்கா மகளுடன் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். என்னைத் தோற்கடிக்க அவளுக்கு இருபது நிமிடம் போதும். குதிரையை நகர்த்தி "செக்" என்றவள், நான் தாடையைத் தடவியபடி யோசிப்பதைப் பார்த்துச் சலித்துப்போய்க் கேட்டாள்: "மாமா, அப்பா வங்கியில் கொடுக்கும் செக், ஆஸ்பத்திரியில் செய்யும் செக்கப், நீங்கள் போட்டிருக்கும் செக் சட்டை எல்லாமே இந்தச் செக்தானா?"

"அதெல்லாம் வேறு வேறு வார்த்தை" என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவைத்தேன். அன்றிரவு அகராதியைப் புரட்டியபோது, ஆட்டத்தில் மட்டுமின்றி பதிலிலும் தோற்றிருக்கிறேன் என்று தெரிந்தது. அத்தனையும் ஒரே வார்த்தை. அத்தனைக்கும் மூலம், குதிரையை நகர்த்திவிட்டு அவள் சொன்ன அந்த ஒற்றைச் சொல்தான்.

கதையின் தொடக்கம் இந்தியாவில். சுமார் ஆறாம் நூற்றாண்டில் வட இந்தியாவில் ஆடப்பட்ட சதுரங்கம்தான் இன்றைய செஸ் ஆட்டத்தின் மூதாதை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. வடமொழியில் சதுர் என்றால் நான்கு, அங்கம் என்றால் உறுப்பு. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிக்கும் பெயர் அது. கட்டம் கட்டமாக இருப்பதால் சதுரம், அதில் ஆடுவதால் அரங்கம் என்று பிரித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். சரியான விளக்கம் ஆகாது.

ஆட்டம் பாரசீகத்துக்குப் போய் சத்ரங் ஆயிற்று. அரேபியர் வாயில் ஷத்ரஞ்ச் ஆயிற்று. பாரசீக மொழியில் அரசருக்குப் பெயர் ஷா. ஷாஜகான் பெயரில் இருக்கும் அதே ஷா. எதிரியின் ராஜாவைத் தாக்கும் இடத்தில் ஒரு காய் வந்து நின்றால், "ஷா!" என்று எச்சரிப்பார்கள். அரசே, உமக்குத்தான் ஆபத்து என்று பொருள். தப்பிக்க எந்த வழியும் இல்லையென்றால் "ஷா மாத்". ஆங்கிலத்தின் செக்மேட் இதிலிருந்து வந்தது.

இந்த மாத் என்ற சொல்லுக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. அரபு மொழியின் வழியில் பார்த்தால் "அரசர் இறந்தார்". பாரசீக வழியில் பார்த்தால் "அரசர் செய்வதறியாது நிற்கிறார்". என் ஓட்டு இரண்டாவதுக்கு. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. ஆட்டம் முடியும்போதும் அவர் பலகையின் மேல்தான் இருப்பார். நகர முடியாமல் இருப்பார், அவ்வளவுதான்.

அரேபியர் வழியாக ஆட்டம் ஸ்பெயினுக்கும் சிசிலிக்கும் சென்று, அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. ஷா என்ற சொல் லத்தீனில் புகுந்து, பழைய பிரெஞ்சு மொழியில் எஸ்செக் என்று உருமாறியது. பன்மையில் எஸ்செஸ். ஆங்கிலம் இரண்டையும் வாங்கிக்கொண்டு முன்னால் இருந்த எகரத்தை உதிர்த்துவிட்டது. எஸ்செக் என்பது செக் ஆயிற்று, எஸ்செஸ் என்பது செஸ் ஆயிற்று. ஆக, செஸ் என்பது செக் என்ற சொல்லின் பழைய பன்மை. நேராகச் சொன்னால் "ராஜாக்கள்". எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடம் அருகருகே வைத்துச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு சொற்கள், ஒருமையும் பன்மையுமான உடன்பிறப்புகள் என்று யார் நினைத்திருப்பார்கள்? ரஷ்ய மொழியில் இந்த ஆட்டத்தின் பெயரே ஷாக்மதி. ஷாவும் மாத்தும் அதில் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இனி, ஒரு விளையாட்டுச் சொல் எப்படி ஊரெல்லாம் சுற்றப் போயிற்று என்று பார்ப்போம்.

செக் விழுந்தவுடன் ஆட்டத்தில் என்ன நடக்கிறது? நீங்கள் எதை வேண்டுமானாலும் திட்டமிட்டிருக்கலாம்; அடுத்த நகர்வில் எதிரியின் ராணியை வெட்டுவதாக இருக்கலாம். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ராஜாவை நகர்த்துவது, குறுக்கே ஒரு காயை வைப்பது, தாக்கும் காயை வெட்டுவது என்ற மூன்றில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். உங்கள் விருப்பத்துக்கு அந்த நொடியில் கடிவாளம் விழுந்துவிடுகிறது. இதிலிருந்து பிறந்ததுதான் "தடுத்து நிறுத்து, கட்டுப்படுத்து" என்ற பொருள். 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்தில் இந்தப் பொருள் நிலைத்துவிட்டது.

நமக்குப் பரிச்சயமில்லாத பொருள் போலத் தோன்றும். உண்மையில் தினமும் பத்திரிகையில் படிக்கிறோம். ஒரு தலைவர் கூட்டணிக் கட்சிக்குச் செக் வைத்தார் என்று தலைப்புப் போடுகிறார்களே, அது சதுரங்கப் பலகையிலிருந்து நேராக எடுத்த வழக்கு. கிராமத்து ஓடையின் குறுக்கே கட்டும் தடுப்பணைக்கு ஆங்கிலத்தில் செக் டேம் என்று பெயர். அணையைச் சோதிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓடும் நீரின் வேகத்துக்குச் செக் வைக்கிறது, அதனால் அந்தப் பெயர். தமிழில் இதற்குத் தடுப்பணை என்று பெயர் வைத்தவர், மூலச் சொல்லின் ஆழத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

மெக்கானிக் கடைக்குப் போனால் இன்னும் இரண்டு கிடைக்கும். ஒரு நட் தளர்ந்துவிடாமல் இருக்க அதன் மேல் இன்னொரு நட்டை இறுக்குவார்கள்; அது செக் நட். நீரை ஒரு திசையில் மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் வால்வு செக் வால்வு. கிணற்று மோட்டாரின் உறிஞ்சுகுழாய் அடியில் பொருத்தும் ஃபுட் வால்வும் இந்த ஜாதிதான். எதையும் சோதித்துப் பார்க்கும் வேலை இவற்றுக்கு இல்லை. தடுப்பதுதான் வேலை.

அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது, செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ் என்ற தொடரைத் தவிர்க்க முடியாது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் நிராகரிக்கலாம். அவைகள் இரண்டும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்த நிராகரிப்பை மீறலாம். சட்டமே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் தள்ளிவிடலாம். ஒருவருக்கொருவர் செக் வைத்துக்கொண்டே இருக்கும் ஏற்பாடு. இதைச் "சோதனைகளும் சமநிலைகளும்" என்று தமிழாக்கியதை ஒரு பாடக் குறிப்பில் பார்த்திருக்கிறேன். படிக்கும் மாணவருக்கு ஒன்றும் புரியாது. "தடைகளும் சமன்களும்" என்றால் பாதியாவது புரியும்.

அடுத்தது, நாம் அதிகம் பயன்படுத்தும் பொருள்: சரிபார்ப்பது. தடுப்பதிலிருந்து சரிபார்ப்பதற்கு எப்படி வந்தார்கள் என்று குழம்ப வேண்டாம். ஊர் எல்லையில் இருக்கும் செக்போஸ்டை நினைத்துக்கொண்டால் போதும். வண்டியை நிறுத்தாமல் சோதிக்க முடியுமா? முதலில் தடுப்பு, பிறகு கேள்வி. ஒரு கணக்கையோ ஒருவர் சொன்னதையோ அப்படியே போகவிடாமல் நிறுத்தி, இன்னொரு பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர்கள் செக் என்று சொல்லத் தொடங்கினார்கள். பஸ்ஸில் ஏறும் செக்கிங் இன்ஸ்பெக்டர், உடல்நல செக்கப், தேர்வுத்தாளைத் திருப்பித்தரும் முன் ஒருமுறை செக் செய்வது எல்லாம் இந்தக் கிளையில் காய்த்தவை.

இங்கே ஒரு வேடிக்கை. கன்ட்ரோல் என்ற சொல் நேர் எதிர்த் திசையில் பயணம் செய்தது. அது பழைய பிரெஞ்சு வழி வந்த சொல். எதிர்ச் சுருள் என்று பொருள். கணக்குச் சுருளுக்கு ஒரு நகல் சுருள் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதுதான் அதன் முதல் வேலை. பிறகுதான் கட்டுப்படுத்துவது என்ற பொருள் வந்தது. ஒன்று தடுப்பதில் தொடங்கிச் சரிபார்ப்பதில் முடிந்தது. மற்றது சரிபார்ப்பதில் தொடங்கித் தடுப்பதில் முடிந்தது. அதிகாரம் உள்ளவர்களுக்கு இரண்டும் ஒரே காரியம் போலிருக்கிறது.

இந்தக் கிளையில் செக்லிஸ்ட் என்ற சொல்லின் புகழுக்கு ஒரு விமான விபத்து காரணம். 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் டேட்டன் நகருக்கு அருகே போயிங் மாடல் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக மேலே எழும்பி, சற்று நேரத்தில் விழுந்து எரிந்தது. விமானி பிளாயர் ஹில் மிகுந்த அனுபவசாலி. காற்றில் ஆடாமல் இருக்க, நிறுத்தியிருக்கும்போது வால்பகுதிக் கட்டுப்பாடுகளைப் பூட்டிவைப்பார்கள். கிளம்பும் முன் அந்தப் பூட்டை விடுவிக்க மறந்துபோனதுதான் காரணம். ஹில் உட்பட இருவர் இறந்தனர். எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் நினைவை நம்பக்கூடாது என்று முடிவு செய்து, செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே கிளம்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த விமானத்தின் வாரிசுதான் இரண்டாம் உலகப் போரில் பேர்போன பி-17. பட்டியலில் ஒன்றைப் பார்த்து முடித்ததும் போடும் குறி, இந்தியாவிலும் இங்கிலாந்திலும் டிக். அமெரிக்காவில் அதற்கும் செக் என்றுதான் பெயர்.

சட்டைக்கு வருவோம். இது சுலபம். சதுரங்கப் பலகையைப் பழைய பிரெஞ்சில் எஸ்செக்கியே என்றார்கள். அந்தப் பலகையைப் போலக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் எதையும் ஆங்கிலேயர்கள் செக்கர்டு என்றார்கள். துணியில் வந்தபோது அது செக் என்று சுருங்கியது. கார் பந்தயம் முடியும்போது ஆட்டும் கட்டம் போட்ட கொடி செக்கர்டு ஃபிளாக். நல்லதும் கெட்டதும் கலந்த பழைய வாழ்க்கை உடையவரைப் பற்றிச் சொல்லும்போதும் செக்கர்டு என்பார்கள். நம்முடைய மெட்ராஸ் செக் உலகப் புகழ் பெற்றது. அமெரிக்கத் துணிக்கடையில் மெட்ராஸ் என்று சொன்னால் ஊர் நினைவு யாருக்கும் வராது. கோடை காலத்தில் அணியும் கட்டம் போட்ட பருத்திச் சட்டையை எடுத்து நீட்டுவார்கள்.

வங்கி செக்கின் கதைதான் எல்லாவற்றிலும் சுவையானது. அதற்கு 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

முதலாம் ஹென்றி மன்னரின் காலத்தில் அரசாங்கத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்ய ஒரு பெரிய மேஜையைப் போட்டார்கள். பத்து அடி நீளம், ஐந்து அடி அகலம். காசுகள் உருண்டு விழாதபடி சுற்றிலும் விளிம்பு. அதன் மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணி. ஆண்டுக்கு இருமுறை மாவட்ட அதிகாரிகளான ஷெரிஃப்கள் வந்து தாங்கள் வசூலித்த பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அன்று ரோமானிய எண்கள்தான் புழக்கத்தில் இருந்தன. இடமதிப்பும் பூஜ்யமும் இல்லாத அந்த எண்களை வைத்துக் கூட்டுவதும் கழிப்பதும் பெரும்பாடு. அதனால் துணியின் பத்திகளில் வில்லைகளை அடுக்கிக் கணக்குப் போட்டார்கள். ஒரு பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுனுக்கு, அதற்கப்பால் இருபது, நூறு, ஆயிரம் பவுன்களுக்கு. வர வேண்டிய தொகைக்கு ஒரு வரிசை, வந்த தொகைக்கு ஒரு வரிசை. ஷெரிஃபுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் தன் வரிசையில் வில்லை குறைவது கண்ணுக்குத் தெரியும்.

கட்டம் போட்ட அந்தத் துணியால், அலுவலகத்துக்கே சதுரங்கப் பலகை என்று பெயர் வந்துவிட்டது: எக்ஸ்செக்கர். 1170களில் அரசின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், இந்த அலுவலகம் நடக்கும் முறையைக் கேள்வி பதில் வடிவில் எழுதிவைத்தார். சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல, இந்த மேஜையில் பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் நடுவர்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவரே அதில் விளக்கம் தருகிறார். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் என்றுதான் அழைக்கப்படுகிறார். மேஜை போய்விட்டது, துணி போய்விட்டது, பெயர் மட்டும் எண்ணூறு வருடங்களுக்கு மேலாக நாற்காலியில் அமர்ந்திருக்கிறது.

அந்த அலுவலகத்தில் ரசீது என்பது ஒரு குச்சி. தொகைக்கு ஏற்ப அதில் வெட்டுகள் போடுவார்கள்: ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதி. சந்தேகம் வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். ஒருவர் மட்டும் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டிருந்தால் பொருந்தாது. 1826 வரை இந்த முறை உயிரோடு இருந்தது என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. தேங்கிக் கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரிக்கப் போய், நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து விழுந்தது.

காகிதம் குச்சியின் இடத்துக்கு வந்தபோதும் தந்திரம் மாறவில்லை. பணத்துக்கான சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது, எண்ணும் தொகையும் எழுதிய ஒரு துண்டைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். மோசடிக்குச் செக் வைக்கும் அந்தத் துண்டுக்குத்தான், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதன்முதலாகச் செக் என்று பெயர். நாம் கவுன்டர்ஃபாயில் என்று சொல்லும் அடிக்கட்டை அது. காலப்போக்கில் பெயர் அடிக்கட்டையை விட்டு, கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு இடம் மாறிவிட்டது. எக்ஸ்செக்கரின் சாயல் பட்டு இங்கிலாந்தில் எழுத்துக்கூட்டலும் மாறியது. கடைசியில் கியூ வரும் வடிவத்தை வங்கிக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். அமெரிக்கர்கள் அந்த வம்பே வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் நாம் எழுதுவது பிரிட்டிஷ் முறை. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலும் அப்படித்தான் இருக்கிறது. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் குற்றம் என்று சொல்லும், எல்லோருக்கும் எண்ணோடு மனப்பாடமான 138ஆவது பிரிவு, அந்தச் சட்டத்தில் 1988இல் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது.

நாம் இதைக் காசோலை என்கிறோம். காசு, ஓலை. அழகான சொல். இதில் தற்செயலான ஒரு பொருத்தம் உண்டு: கவுன்டர்ஃபாயிலில் உள்ள ஃபாயில் என்ற சொல்லும் லத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லின் வழி வந்ததுதான். அவர்கள் இலை என்றார்கள், நாம் ஓலை என்றோம்.

அடிக்கட்டைப் பொருள் அமெரிக்காவில் வேறு வழியில் கிளைத்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ரயிலில் பெட்டியை ஒப்படைத்தால், எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். அதன் ஜோடி பெட்டியில் தொங்கும். அந்த வில்லையும் செக்தான். விமான நிலையத்தில் செக்-இன் பேக்கேஜ் என்று ஒப்படைத்துவிட்டு ஒரு சீட்டை வாங்கிக்கொள்கிறோமே, அது இந்தப் பரம்பரை. உணவகத்தில் சாப்பிட்டு முடித்த அமெரிக்கர் "செக்" என்று கேட்டால், பில்லைக் கொண்டுவரச் சொல்கிறார். பணம் கொடுக்கப் போவது அவர்தான், வாங்கப் போவதில்லை.

1880களில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், வேறொரு நாளில் இலவசமாகப் பார்க்க ஒரு சீட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பெயர் ரெயின் செக். இன்று ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டு, அவர் "ரெயின் செக் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் வருகிறேன் என்று அர்த்தம். உண்மையில் வருவாரா என்பது வேறு விஷயம். நம் ஊரில் "கண்டிப்பாக ஒரு நாள் வீட்டுக்கு வருகிறேன்" என்று சொல்வதைப் போலத்தான்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்தால் போதும். ஆங்கிலத்தில் இன் செக் என்று வந்தால் அங்கே சரிபார்ப்புக்கு வேலையில்லை. விலைவாசி இன் செக் என்றால் கட்டுக்குள் இருக்கிறது என்று பொருள். "அரசு விலைகளைச் சரிபார்த்து வைத்திருக்கிறது" என்று எழுதிவிடக்கூடாது. செக் அப்பான் என்று வந்தால் ஒன்றின் மேல் விழுந்த தடை. நாளிதழில் தடுப்பதையும் சரிபார்ப்பதையும் மாற்றி எழுதியதால், வெள்ளத்தைத் தடுத்த சுவர் வெள்ளத்தைச் சோதித்த சுவராக மாறிய செய்தியை ஒருமுறை படித்தேன்.

குடும்பத்தில் சேராதவர்களையும் சொல்லிவிட வேண்டும். செக் குடியரசு என்ற நாட்டுக்கும் சதுரங்கத்துக்கும் உறவில்லை. அது ஸ்லாவிய மக்களின் பெயர், தமிழ் எழுத்தில் மட்டும் ஒன்றாகிவிட்டது. எண்ணெய் ஆட்டும் செக்கு நம் வீட்டுச் சொல்.

மறு வாரம் இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னேன், தவறான பதில் சொன்னதற்கு வருத்தமும் தெரிவித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் செக்மேட்டில் வரும் மேட்டும் கிளாஸ்மேட்டில் வரும் மேட்டும் ஒன்றா?" என்றாள். இந்தமுறை அவசரப்படவில்லை, அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வேறு வேறு. கிளாஸ்மேட்டில் இருப்பது ஜெர்மானிய மொழிகளின் வழி வந்த சொல். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்பவர் என்பது அதன் பழைய பொருள். தன் டிபன் பாக்ஸில் தினமும் கைவைக்கும் தோழியின் பெயரைச் சொல்லி, அவளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றபடி காய்களை அடுக்கத் தொடங்கினாள்.